பேர் வெட்டிய குடங்கள்

இசக்கிதுரைக்குப் போராட்டம் என்றாலே ஆகாது. அணுசக்தி நகர் ஊழியர்களை ஏற்றிப் போகும் பஸ்ஸில் அவர் டிரைவர். காண்ட்ராக்ட் வேலைதான் என்றாலும், கேட்டுக்குள் நுழையும் பாஸுக்கு வருஷா வருஷம் போலீஸ் சான்று வேண்டும். பெயரில் ஒரு கேஸ் விழுந்தால் பாஸ் கிடையாது, பாஸ் இல்லையென்றால் பஸ்ஸும் கிடையாது. அதனால் தாராவியில் எங்கே கொடி தெரிந்தாலும் வேறு சந்து வழியாக நழுவிவிடுவார். மீன் வாங்கக் கிளம்பியவர் கோஷம் காதில் விழுந்து வெறுங்கையோடு திரும்பிய நாளும் உண்டு.

இவ்வளவு பயந்த மனுஷருக்கு ஒரு வீம்பும் இருந்தது. யார் வீட்டுக் கல்யாணமானாலும் எவர்சில்வர் குடம்தான் கொடுப்பார். அதுவும் கழுத்தடியில் 'அன்பளிப்பு: ம. இசக்கிதுரை, தாராவி' என்று பேர் வெட்டித்தான் கொடுப்பார். கவரில் வைக்கிற பணத்தை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்? குடம் இருக்கிற வரைக்கும் பேர் இருக்குமே! சந்தில் பாதி வீட்டுக்கு இவர் பெயர் பெண்களின் இடுப்பேறித்தான் தண்ணீர் வந்தது.

அந்தத் தண்ணீர் நின்றுபோனது. வார்டு ஆபீஸில் கேட்டால் நாளை, நாளை மறுநாளும் அதே நாளை. பொறுத்துப் பார்த்த பெண்கள் காலிக்குடங்களைத் தொண்ணூறடி ரோட்டில் வரிசையாக வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். இசக்கிதுரையின் மனைவி முருகம்மாளும் அதில் ஒருத்தி. வேன் வந்தது. எழுந்திரு என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட அவகாசமில்லாமல் லத்தி இறங்கியது. பெண்கள் தப்பித்து ஓட, குடங்களை அள்ளி வேனில் போட்டுக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் மனைவியின் கையில் கட்டைப் பார்த்துக் கொதித்துப் போனார்.

"ஏட்டி, கோயிலுக்குப் போறேன்னுதான சொன்ன? ஒனக்கு எதுக்கு இந்த வேல?"

"தண்ணி வராட்டா நீங்களா தூக்கிட்டு வருவீக? ரெண்டு எலும்பு விட்டுப்போச்சுன்னு சயான் ஆஸ்பத்திரில சொல்லிட்டாக. இப்பம் போயி ஏசிக்கிட்டு நிக்கீக."

மறுநாள் காலையில் கான்ஸ்டபிள் சாய்நாத் வாசலில் நின்றார். விஷயம் இதுதான்: ஸ்டேஷனுக்கு டீ கொண்டுபோகும் செல்வம், குடத்தில் தமிழில் என்ன வெட்டியிருக்கிறது என்று போலீஸ் கேட்டவுடன் கர்மசிரத்தையாக வாசித்துக் காட்டிவிட்டான். ஒன்றல்ல, முக்கால்வாசிக் குடத்தில் ஒரே பெயர். குடம் சப்ளை செய்து கூட்டம் சேர்த்த ஆசாமி இவன்தான் என்று இன்ஸ்பெக்டர் முடிவுகட்டிவிட்டார்.

"லீடர் தூ ஹை க்யா?" நீதானா தலைவன் என்று ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அதட்டினார்.

"நை சாப்! ஷாதி மே கிஃப்ட் தியா சாப்!" கல்யாணத்துக்குக் கொடுத்த பரிசு என்று பதறினார் இசக்கிதுரை.

இன்ஸ்பெக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். எந்தக் குடம் யாருக்குக் கொடுத்தது, பெயரை மட்டும் சொல். நீ பஸ் ஓட்டப் போகலாம். அவர்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இசக்கிதுரை குடங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றும் எந்தக் கல்யாணம் என்று அவருக்குத் தெரியாதா? அகலவாய்க் குடம் மதீனா பீவி மகள் ஷைஸ்தாவின் நிக்காஹுக்கு. நீளக் கழுத்து, எதிர்வீட்டுக் கீதாவுக்கு. அவளுக்கு இப்போது கைக்குழந்தை. எல்லாவற்றிலும் லத்தி அடித்த பள்ளம். எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. சொல்லாமல் போய் உட்கார்ந்த பெண்டாட்டி மேல், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காத செல்வம் மேல், தண்ணீர் கேட்ட கையை ஒடித்துவிட்டுக் கல்யாணக் கதை கேட்கிற இந்த ஆள் மேல், எல்லாரையும்விடப் பேர் வெட்டச் சொன்ன தன் மேல். என்ன பிழைப்புடா இது!

"சப் மேரா ஹை சாப்," எல்லாம் என்னுடையதுதான் என்றார்.

பஸ் வேலை என்னாவது என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"மேரா நாம் லிக்கா ஹை நா? மேரா ஹை!" என் பேர்தானே எழுதியிருக்கிறது, என்னுடையதுதான் என்று அவரே எதிர்பார்க்காத சத்தத்தில் வந்தது. இன்ஸ்பெக்டர் தோளைக் குலுக்கிவிட்டு கேஸ் எழுத ஆரம்பித்தார்.

ஜாமீனில் வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. எதிர்ப்பக்கம் கீதா குழந்தையோடு நின்றாள், பக்கத்தில் மதீனா பீவி. இரண்டு பேரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முருகம்மாள்தான் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி கிட்டே வந்தாள்.

"பேரக் கேட்டாகளா?"

"கேட்டாம்."

"சொல்லிட்டீகளா?"

"சொன்னேன்," என்றார் சள்ளென்று. "என் பேர."

நாளைக்குக் காலையில் பஸ்ஸுக்கு எழுப்ப வேண்டாம் என்பதை மட்டும் அவர் நடந்துகொண்டே சொன்னார்.