பற்றரி கழற்றிய கொம்பியூட்டர்

போன சனிக்கிழமை அண்ணையின் மகன் நிலவறையில் இருந்து உதிரிச் சாமான்களைச் சேர்த்துக் கொம்பியூட்டர் பூட்டிக்கொண்டிருந்தான். கடையில் பூட்டி விற்பதை வாங்கமாட்டானாம். ஒவ்வொரு சாமானாகத் தெரிவு செய்து தன் கையால் பூட்டினால்தான் மனம் ஆறுமாம். கம்பஸ் படிக்கிற பிள்ளை, கையில் காசு மட்டுமட்டு. அதனால் இரண்டு மாதமாக விலை பார்ப்பதும் ஒப்பிடுவதுமாக ஒரே ஆராய்ச்சி. எல்லாம் வாசலுக்கே வந்து இறங்கிவிட்டன, ஒரு காற்றாடியைத் தவிர. அது ஒரு நாள் பிந்துகிறது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஒரே ஒரு நாள்! எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது.

நான் தேத்தண்ணீரோடு இறங்கிப் போன நேரம், மதர்போர்டில் இருந்து பொத்தான் அளவான பற்றரி ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்து மேசையில் போட்டான்.

"டேய், அதைக் கழட்டாதை!" என்று கத்திவிட்டேன். தேத்தண்ணீர் கம்பளத்தில் ஊற்றுப்பட்டது.

"ஏன் மாமி கத்துறீங்கள்? செற்றிங்கை அழிக்கத்தான் எடுத்தனான். திருப்பிப் போடலாம்."

திருப்பிப் போடலாமாம். அவனுக்கு விளங்கப்படுத்த எனக்குப் பொறுமை இல்லை. நான் ஏன் கத்தினேன் என்று உங்களுக்காவது சொல்லவேண்டும்.

அது தொண்ணூற்றுநாலாம் ஆண்டு. சண்டையால் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் கரண்ட் போய் மூன்று நாலு வருடம் ஆகியிருந்தது. கரண்ட் இல்லாத ஊரில் கொம்பியூட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். அப்பாவும் அதைத்தான் கேட்டார். உடுவில் வீட்டில் அவரும் நானும் மட்டும். அம்மா செத்துப்போயிருந்தா. அண்ணை கனடா, அக்கா ஜேர்மனி. இரண்டு பேரும் கடிதத்துக்குக் கடிதம் "தங்கச்சியைக் கெதியா அனுப்புங்கோ" என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் போக விருப்பமில்லை. பெரிய கொள்கை, கோட்பாடு என்று ஒன்றும் கிடையாது. என் ஊரில் என் சைக்கிளில் திரிய எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் நிற்பதற்கு ஒரு காரணம் காட்டவேண்டுமே. கம்பஸில் என்னோடு கணிதம் படித்த புத்தூர்ச் சாரதாவும் நானும் சேர்ந்து ஒரு காரணம் கண்டுபிடித்தோம். கொம்பியூட்டர் வகுப்பு. வெளிநாடு போகிறவர்கள், கொழும்பில் வேலை தேடுகிறவர்கள் எல்லோருக்கும் கொம்பியூட்டர் தெரிந்திருந்தால் நல்லது என்ற கதை அப்போதே பரவியிருந்தது. கம்பஸில் ஜெனரேற்றர் ஓடும் நேரத்தில் ஒரு மெஷினைச் சுற்றி அத்தனை பேர் நின்று கற்றுக்கொண்ட கொஞ்ச அறிவும் எங்களிடம் இருந்தது.

தபால் கந்தோர் வேலையில் இருந்து இளைப்பாறியவர் அப்பா. எதற்கும் ஒரு கெடு வைப்பார்.

"வாற தைக்குள்ளை உது ஓடினால் நீ இஞ்சை நில். ஓடாட்டி, அக்கா பாக்கிற இடத்துக்கு ஓம் எண்டு சொல்லவேணும். பிறகு அழக்கூடாது."

ஓம் என்று தலையாட்டினேன். முழு மெஷினாக வாங்க வசதி இல்லை, கொண்டுவர வழியும் இல்லை. உதிரி உதிரியாகத்தான் சேர்க்கவேண்டும். சாமானைத் தெரிவு செய்ய எங்களிடம் இருந்தது பழைய சிங்கப்பூர் மகசின் ஒன்று மட்டுமே, அதுவும் அட்டை போனது. அதன் விளம்பரப் பக்கங்களை நாங்கள் வேதப்புத்தகம் போல வாசித்தோம். கடையைக் கண்ணாலும் காணாமல் சாமான் தெரிவு செய்தவர்கள் நாங்கள். இவன் என்னடா என்றால் காற்றாடியின் வெளிச்சம் நீலமா ஊதாவா என்று ஒரு கிழமை யோசித்தவன்.

நெல்லியடியில் கரண்ட் போனதோடு மூடப்பட்ட ஒரு ரியூசன் நிலையத்தின் மொனிற்றர், அதை நடத்தியவரின் வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ரியூசன் கொடுத்துச் சேர்த்த காசோடு சைக்கிளில் போனோம். அந்த வீட்டுக்காரர் அதற்கு மேலே பின்னல் துணி விரித்துப் பூச்சாடி வைத்திருந்தார். மஞ்சள் எழுத்து மட்டும் தெரிகிற ஒற்றை நிற மொனிற்றர். கரண்டும் குறைவாகத்தான் குடிக்கும். அதைச் சாக்கில் சுற்றி, கரியரில் கட்டி, ஒருத்தி உருட்ட மற்றவள் பிடிக்க, புத்தூர்வரை நடத்திக் கொண்டுவந்தோம். அதன்பிறகு எல்லாச் சாமானும் அந்த மொனிற்றருக்குப் பொருந்தவேண்டும். மொனிற்றரை ஓட்ட ஒற்றை நிறத்துக்கான கார்ட் ஒன்று வேண்டும் என்று அண்ணைக்கு எழுதினேன். ஒற்றை நிறம் என்பதை இரண்டு தரம் அடிக்கோடிட்டேன்.

அண்ணை கலர் கார்ட் அனுப்பினார்.

"கலரா இருந்தால்தான் வடிவு, தங்கச்சி" என்று குறிப்பு வேறு. மொனிற்றர் வயரின் முனை அந்தக் கார்ட்டின் துளைக்குள் போகவே போகாது. சாரதா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன்ரை அண்ணை உன்னை அங்கை கூப்பிடத்தான் இப்பிடிச் செய்யிறார்" என்றாள். கடிதம் போய், மறுகடிதம் வந்து, கொழும்புக்கு வருகிற ஒருவரைப் பிடித்துச் சரியான கார்ட்டும் கூடவே டிஸ்க் டிரைவும் பவர் பெட்டியும் வந்து சேர மாதக்கணக்காயிற்று. அடிக்கோடு போட்டு எழுதியதை வாசிக்காத மனிதர்களோடு எனக்கு இன்றைக்கும் ஒத்துவராது. அண்ணை கேட்டால் கேட்கட்டும்.

அக்கா கீபோட் அனுப்பினா. நல்ல பாரமான, அசல் ஜேர்மன் சாமான். ஒய் இருக்கவேண்டிய இடத்தில் இஸட், இஸட் இடத்தில் ஒய், தலைக்கு மேலே இரண்டு புள்ளி வைத்த எழுத்துகள் வேறு. பெட்டியின் அடியில் ஒரு மாப்பிள்ளையின் படம். கோட் போட்டுக்கொண்டு யாரோ ஒருவரின் காரில் சாய்ந்து நின்றார். மாப்பிள்ளையை மேசை லாச்சிக்குள் போட்டு மூடிவிட்டு, கீபோட்டுக்குச் சின்னச் சின்னக் கடதாசி வெட்டி ஒட்டினோம். எங்கள் மெஷினின் பாகங்களைத் தெரிவு செய்தது நாங்கள் அல்ல, என் குடும்பத்துக்கு விசா கொடுத்த நாடுகள்தான்.

மிச்சம் மதர்போர்ட். கொழும்பில் வாங்கலாம், ஆனால் கொண்டுவருவது யார்? பாஸ்போட் அலுவலாகப் போயிருந்த சின்னம்மா வெள்ளவத்தையில் நின்றா. அம்மாவின் தங்கச்சி. பயப்படாத மனுசி. என்ன வாங்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். ரயில், பஸ், சோதனைச் சாவடி, ட்ரக்டர், கடல்நீரேரியில் வள்ளம் என்று எல்லாம் தாண்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், உடுப்புகளுக்கு நடுவில் சுற்றி அதைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தா. எனக்குச் சின்னம்மாவைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது.

"ஆமிக்காரன் கேட்டான். ரீவிச் சாமான் எண்டனான். கரண்ட் இல்லாத ஊருக்கு ரீவியோ எண்டு சிரிச்சுப்போட்டு விட்டிட்டான்" என்றா. பிறகு பெருமையோடு, "ஆனா ஒண்டு. அதிலை ஒரு பற்றரி இருந்ததெல்லே, நீலமா? நான் அதை றேடியோக் கடையிலை குடுத்துக் கழட்டிப்போட்டுத்தான் கொண்டந்தனான்" என்றா.

எனக்கு உலகம் நின்றுவிட்டது. "ஏன் சின்னம்மா?"

"ஏனோ? பற்றரி கண்டால் விடுவாங்களே? பிள்ளையின்ரை விளையாட்டுக் காரிலை இருந்த பற்றரியையே பிடுங்கினவங்கள். உதை வைச்சிருந்தால் முழுக்கப் பறிச்சிருப்பாங்கள்."

அது உண்மைதான். குண்டு வெடிக்கவைக்க உதவும் என்று ஆமி எங்கள் பக்கத்துக்குப் பற்றரி விடாது. ஊரில் செத்த பற்றரிக்கு ஆணியால் துளை போட்டு உப்புத்தண்ணீர் ஊற்றி உயிர் கொடுத்துச் செய்தி கேட்டார்கள். அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, என்னை மிதியைச் சுற்றச் சொல்லி, டைனமோவில் றேடியோ கேட்டார். செய்தி முடிவதற்குள் எனக்குக் கை கழன்றுவிடும். அந்த நாட்டில் பற்றரியோடு ஒரு தகட்டைக் கொண்டுவர யாருக்குத் துணிவு வரும்? சின்னம்மாவைக் குறை சொல்லவும் முடியவில்லை, கோபத்தை விழுங்கவும் முடியவில்லை. வேலிக்கரையில் போய் நின்று அழுதேன். அந்தப் பற்றரி இல்லாவிட்டால் கொம்பியூட்டருக்கு ஞாபகம் இல்லை. தனக்குள் என்னென்ன பூட்டியிருக்கிறது, இன்று என்ன திகதி என்பதையெல்லாம் நிற்பாட்டிய உடனேயே மறந்துவிடும்.

"மறந்தால் மறக்கட்டும். நாங்கள் ஒவ்வொருக்காலும் சொல்லிக் குடுப்பம்" என்றாள் சாரதா.

இனிக் கரண்டுக்கு வழி. சாரதாவின் அப்பா, ஐயா என்றுதான் கூப்பிடுவோம், வெங்காயத் தோட்டம் செய்கிறவர். கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் மெஷினோடு பெல்ட் போட்டு ஓட்டுகிற பழைய ஜெனரேற்றர் ஒன்று அவரிடம் இருந்தது. முந்தி கலியாண வீடுகளுக்கு வீடியோப் படம் காட்ட வாடகைக்கு விட்டது. மண்ணெண்ணெய் பொன்னாக இருந்த காலம். கொம்பியூட்டருக்கென்று ஒரு மூடி மண்ணெண்ணெய்கூடத் தரமாட்டேன் என்று ஐயா சொல்லிவிட்டார். பிறகு அவரே, "இறைக்கேக்கை மெஷின் எப்பிடியும் ஓடும். அந்த நேரத்துக்கு நீங்கள் உங்கடை அலுவலைப் பாருங்கோ. கடைசிப் பாத்திக்குத் தண்ணி போனால் நிப்பாட்டிப்போடுவன்" என்றார். ஆகவே எங்கள் நேரத்தைத் தீர்மானித்தது வெங்காயம். இறைப்பு நாளில்தான் கொம்பியூட்டர்.

தை பிறந்தது, ஊரில் நாங்கள் ஜனவரியைத் தை என்போம். சண்டை ஓய்ந்து, எல்லோரும் ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்று நம்பிய தை. அப்பா கந்தோருக்குப் போகிற சேட்டுப் போட்டுக்கொண்டு உடுவிலில் இருந்து சைக்கிளில் வந்தார், பரீட்சை மேற்பார்வைக்கு வருகிறவர் போல. வெங்காயக் கொட்டிலுக்குள் மேசை. தலைக்கு மேலே கூரை வளையில் பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிட்ட வெங்காயம். ஐயா நாலு துளி பெற்றோல் விட்டு மெஷினை இழுத்தார். அது இருமிவிட்டு நின்றது. திரும்ப இழுத்தார். திரும்ப இருமியது. அப்பா மணிக்கூட்டைப் பார்த்தார். என் கண்ணுக்குள் லாச்சிக்குள் கிடந்த மாப்பிள்ளை காரில் சாய்ந்து நின்றார். அடுத்த இழுவைக்குப் பிடித்துக்கொண்டது. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. நான் சுவிட்சைத் தட்டினேன்.

முதலில் தகடு சூடாகிற மணம் வந்தது. வெங்காய மணத்தோடு கலந்த அந்த மணத்தை இந்த நிலவறையில் எவ்வளவு மோந்தும் எனக்குக் கிடைக்கவில்லை. பிறகு திரையில் மஞ்சளாக எழுத்து எழும்பியது. பற்றரி பழுது என்று முறைப்பாடு சொன்னது. சாரதா வேண்டியதையெல்லாம் சொல்லிக் கொடுத்தாள். டிஸ்க் கிர்ரென்று சுற்றியது. ஒரு வரி வந்து நின்றது. அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து வாசித்தார்.

"செவ்வாய்க்கிழமை. தை முதலாம் திகதி. ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பது."

"ஞாபகம் இல்லாட்டி உப்பிடித்தான் காட்டும் அங்கிள். நாங்கள் சரியான திகதியை அடிச்சுவிடலாம்" என்று சாரதா கீபோட்டுக்குக் கையைக் கொண்டுபோனாள்.

"கொஞ்ச நேரம் உப்பிடியே விடு பிள்ளை" என்றார் அப்பா.

நாங்கள் கையை எடுத்துக்கொண்டோம். அந்த எண்பதாம் வருடப் பிறப்புக்கு நாங்கள் ஐந்து பேரும் சேர்ச்சுக்குப் போய் வந்தோம். அண்ணை கால் அகன்ற காற்சட்டை போட்டதற்கு அப்பா ஏசினார். அக்கா விடுதியில் இருந்து லீவில் வந்திருந்தா. அம்மா கோழிக்கறி வைத்தா. மேசைக்கு மேலே குண்டு பல்ப் எரிந்தது, அதை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்பா என்ன நினைத்தாரோ தெரியாது. திரையையே பார்த்தபடி நின்றார்.

"கடைசிப் பாத்தி, பிள்ளையள்!" என்று ஐயா தோட்டத்தில் இருந்து கூப்பிட்டார். மெஷின் நின்றது. திரை அணைந்தது.

திரும்பி வரும்போது, சைக்கிளில் எனக்கு முன்னால் போன அப்பா திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "ஓடினதுதானே. நில்."

நின்றேன். வகுப்பும் நடந்தது. இறைப்பு நாளில் பெட்டைகள் சைக்கிள் உழக்கிக்கொண்டு வந்தார்கள். கடைசிப் பாத்தி என்ற குரல் கேட்டதும் அடித்ததையெல்லாம் அவசரமாக டிஸ்க்கில் பதிவார்கள். ஒவ்வொரு முறையும் எண்பது பிறக்கும், ஒவ்வொரு முறையும் நான் அதை அழித்துச் சரியான திகதியை அடிப்பேன். சித்திரையில் மறுபடி சண்டை தொடங்கியது. ஐப்பசியில், ஆமி வருகுது என்று, ஊரே எழும்பி நடந்தது. அதற்கு முதல் நாள் பின்னேரம் ஐயாவும் நாங்களும் கொம்பியூட்டரைப் பழைய உரப் பையில் சுற்றி, கொட்டில் வளையில் வெங்காயப் பிடிகளோடு கட்டித் தொங்கவிட்டோம். கொஞ்ச நாளில் வந்து இறக்கலாம் என்றார் ஐயா.

நான் இறக்கவில்லை. தென்மராட்சி, வன்னி, கொழும்பு என்று அலைந்து, கடைசியில் அண்ணையிடமே வந்து சேர்ந்தோம். லாச்சி மாப்பிள்ளையைக் கட்டவில்லை, அதில் மட்டும் நான் வென்றேன். சாரதா ஊருக்குத் திரும்பிப் போனபோது பை மட்டுமல்ல, வளையும் இல்லை, கொட்டிலும் இல்லை. இப்போது அவள் தோட்டத்தில் கரண்ட் மோட்டர். சுவிட்சைப் போட்டால் தண்ணீர், யாரும் யாரையும் கூப்பிடவேண்டியதில்லை. ஐயா இல்லை. உடுவில் வீட்டில் வேறு ஆட்கள். அப்பா இந்த நிலவறையில்தான், இப்போது இவன் மேசை போட்டிருக்கிற மூலையில் கிடந்த கட்டிலில், கண்ணை மூடினார்.

கம்பளத்தைத் துடைத்து முடிப்பதற்குள் இவன் பற்றரியைத் திரும்பச் செருகிவிட்டான். காற்றாடி வராவிட்டாலும் பரவாயில்லை, ஒருக்கால் ஓட்டிப் பார்ப்போம் என்று சுவிட்சைத் தட்டினான். நான் ஈரத் துணியோடு திரைக்கு முன்னால் போய் நின்றேன். எல்லாம் எழும்பி முடிய, வயரில்லாமலே இன்ரநெற்றில் எங்கிருந்தோ கேட்டுத் தெரிந்துகொண்டு, அது இன்றைய திகதியைச் சரியாகக் காட்டியது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.