பீடத்தடியில் கிடந்த எலுமிச்சம்பழம்

பிசாசைப் பற்றிய பிரசங்கங்களைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போய்விட்டது. புளியமரத்தில் இருக்கிறான், சினிமாக் கொட்டகையில் இருக்கிறான் என்பார்கள். தேவாலயத்துக்குள் அவன் வேலை செய்ததை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன். அதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

எழுபதுகளின் கடைசி. காளவாசலுக்கு மேற்கே இருந்த எங்கள் சர்ச் சின்னது. நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. பெண்கள் கூட்டத்தில் ஜெபிக்கச் சொன்னால் வேர்த்துவிடும். அதனால் வாயைத் திறக்காமல் செய்கிற ஊழியம் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். பீடத்தின் மேலிருந்த பித்தளைச் சிலுவையைத் துலக்குவதுதான் அது. செங்கல்பொடியும் எலுமிச்சம்பழமும் போதும், பொன்னாக மின்னும். சிலுவை பீடத்தோடு சேர்த்துப் பதித்தது என்பதால் அங்கேயே நின்று தேய்க்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது பழத்தின் ஒரு பாதி கைநழுவி, பீடத்து விரிப்புக்கு அடியில் உருண்டுவிட்டது. கையை விட்டுத் துழாவினேன், எட்டவில்லை. அம்மா கூப்பிட்டார்கள். காலையில் விளக்குமாறு கொண்டுவந்து எடுத்துக்கொள்ளலாம் என்று போய்விட்டேன். காலையில் மறந்துவிட்டேன்.

அன்று சனிக்கிழமை, உபவாச ஜெபம். வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். கூட்டத்துக்கு முன் விரிப்பை மாற்றப்போன கமிட்டிக்காரர் மனைவி கத்திவிட்டார். செங்கல்பொடி காய்ந்து செக்கச்செவேலென்று இருந்த அரை எலுமிச்சம்பழம். அதில் சுற்றிக்கொண்டு நீளமாக ஒரு தலைமுடி. என் முடி.

"குங்குமம் தடவி வச்சிருக்காளுக! யாரும் தொடாதீக, கை வெளங்காமப் போயிரும்!" என்று கமிட்டிக்காரர் எல்லாரையும் விலக்கினார்.

"ஏண்ணே, பிழிஞ்ச பழத்துலயா செய்வினை வப்பாக?" என்று பின்னாலிருந்து ஒரு இளைஞர் கேட்டார். "வச்சவன் சர்பத்து போட்டுக் குடிச்சுட்டு மிச்சத்த வச்சிருக்கான்."

இரண்டு பேர் சிரித்தார்கள். "மாப்ள, வாய மூடு. எதுல வெளையாடுறதுன்னு இல்ல?" என்று கமிட்டிக்காரர் அதட்டினார். சிரிப்பு நின்றுவிட்டது. அப்போதே நான் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும்.

எல்லாரும் கடைசிப் பாய்ப் பக்கம் திரும்பினார்கள். அங்கேதான் கீரை விற்கிற அக்கா உட்கார்வார். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். தன் ஊர்க் கோயிலில் சாமி வந்து ஆடியவர், ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதனால் சொந்தங்கள் ஒதுக்கிவிட்டார்கள். எங்கள் சர்ச்சை விட்டால் நல்லது கெட்டதுக்கு அவருக்கு ஆள் கிடையாது.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல? அம்புட்டு வருசம் ஆடுனவ, ஒரு முழுக்குல போயிருமா?" என்றார் கமிட்டிக்காரர் மனைவி.

அக்காவை முன்னால் கூட்டிவந்து முழங்கால் போட வைத்தார்கள். பிரசங்கியார் அக்கா தலையில் எண்ணெய் ஊற்றி, "உள்ள இருக்குறது யாரு? பேரச் சொல்லு!" என்று அதட்டினார்.

"எனக்குள்ள ஒண்ணுமில்லய்யா. காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல. பசிதான் இருக்கு."

"பாருங்க, எப்படித் தந்திரமாப் பேசுது!" என்றார் பிரசங்கியார் சபையைப் பார்த்து.

பாட்டு, ஜெபம், மறுபடி கேள்வி என்று மத்தியானம் வரை நடந்தது. நானும் பாடினேன். எண்ணெய் அவர் கண்ணில் வழிந்தது, துடைக்க விடவில்லை. கடைசியில் அக்கா இரண்டு கையையும் தரையில் ஊன்றி, "ஆமா, நாந்தான் வச்சேன். விட்ருங்க சாமி" என்றார். சபை அல்லேலூயா சொன்னது. இனி மூன்று மாசத்துக்கு உள்ளே வரக்கூடாது, அதன்பின் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள்.

அன்று அங்கே கெட்ட ஆவி இருந்தது உண்மைதான். ஆனால் அது எலுமிச்சம்பழத்திலோ அக்காவிடமோ இல்லை. நாங்கள் பாடிய பாட்டில் இருந்தது. உண்மையைச் சொல்ல வாய் திறக்காத என்னிடம் இன்னும் வசதியாக உட்கார்ந்திருந்தது. கூச்சம் என்று அதற்கு நான் பேர் வைத்திருந்தேன்.

நாலு நாள் தூக்கமில்லாமல் கிடந்து, பிறகு அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் கீரைக்கட்டுக்கு வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தார். நாரைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அடிப்பாவி. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

நான் அழுதேன்.

"அழுது என்ன ஆகப்போகுது? ஞாயித்துக்கிழமை எந்திரிச்சு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு. நான் வெளிய கேட்டுப் பக்கத்துல நிப்பேன். நீ சொல்லிட்டன்னா உள்ள வாரேன். இல்லாட்டி அந்தப் பக்கம் எனக்கு என்ன சோலி?"

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் சபையில் எழுந்து நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. எங்கள் சபைப் போதகரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். சாதுவான மனுஷர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இப்ப எதுக்கும்மா? பிரசங்கியார் பேரு கெட்டுப்போகும். சபை ரெண்டாப் போயிரும். மூணு மாசந்தானே, தானா வந்துரும் அது. நீ ஜெபம் பண்ணிக்க."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெரிய பாரம் இறங்கினது போல இருந்தது. போதகரே சொல்லிவிட்டார் என்று வீடு வரை அதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். வெகுகாலம் அவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அதற்கும் தெம்பில்லை. எனக்கு வேண்டிய பதிலைத்தான் அவர் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா சொன்னபடி கேட்டுக்கு வெளியே நின்றார். வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு. அறிவிப்பு நேரத்தில் போதகர் என் பக்கம் பார்க்கவில்லை. நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரமும் நின்றார். அதற்கடுத்த வாரம் மழை தூறியது, அப்போதும் நின்றார். அந்த இரண்டு வாரமும் நான் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போனேன்.

நாலாவது வாரம் கேட்டில் யாரும் இல்லை. நான் முன்வாசல் வழியாகவே போனேன்.