மகள் சொன்ன தண்ணீர்

வெம்பக்கோட்டைச் சங்கிலிமுத்துவுக்கு இருந்தது இரண்டு ஏக்கர் மானாவாரி நிலமும் ஒரு ஜோடி மாடும் ஒரே ஒரு பிடிவாதமும்தான். பட்டாசுக் கம்பெனி வேலையிலிருந்து மனைவி வேலுத்தாயை நிறுத்திவிட வேண்டும். வெடிமருந்து செலுத்தும் அறையில் அவள் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் இவருக்குச் சோறு இறங்காது. எங்காவது வெடிச் சத்தம் கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடுவார். போர் போட்டுத் தண்ணீர் வந்துவிட்டால் அவளை வீட்டோடு வைத்துக்கொள்ளலாம்.

மகள் சுகிர்தா மதுரையில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். ஒன்றன்பின் ஒன்றாய் ஓடும் இரண்டு செயற்கைக்கோள்கள் பூமியின் ஈர்ப்பை அளக்கின்றன. கீழே தண்ணீர் கூடினால் கனம் கூடும், அது அவளுடைய கம்ப்யூட்டரில் தெரியும். ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த வருஷம் போனில் சொன்னாள்: "நம்ம பக்கம் தண்ணிக் கனம் கூடியிருக்குப்பா. ஆனா அது நாலஞ்சு மாவட்டத்தச் சேத்துப் பாக்குறது. கம்மாத் தண்ணி, மண்ணு ஈரம் எல்லாம் அதுல அடக்கம்."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு சங்கிலிமுத்துவின் காதில் எதுவும் ஏறவில்லை.

உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கும் பெத்தணனை வாசலோடு அனுப்பிவிட்டார். "எம் மக ஆகாசத்துலருந்தே பாத்துட்டா. ஒம்ம தேங்காயச் சட்னிக்கு வச்சுக்கிடும்!" தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெத்தணன் தேங்காய் எல்லார் நிலத்திலும் எழுந்து நிற்கும், அந்த லட்சணம் ஊருக்கே தெரியும். இருந்தாலும் அவரைக் கேட்காமல் அங்கே யாரும் போர் போட்டதில்லை.

மாடுகளை விற்றுப் போர் வண்டியைக் கொண்டுவந்தார். பாறைக்குக் கீழே பாறை. பொழுது சாயும்வரை வெள்ளைப் புழுதிதான் பறந்தது. "போதும், நிப்பாட்டச் சொல்லுங்க" என்றாள் வேலுத்தாய். சங்கிலிமுத்து அந்தப் புழுதியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

மறுநாள் காலை கம்பெனி வேன் வந்தது. வேலுத்தாய் தூக்குவாளியோடு ஏறிக்கொண்டாள். அந்நேரம் பார்த்து மகளின் போன். போர் போட்டதை மட்டும் யாரோ ஊர்க்காரர் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

"நா சொன்னத நம்பியாப்பா போர் போட்டீக? தண்ணி வந்துச்சா?"

இல்லை என்றால் பிள்ளை உடைந்துபோவாள். படிப்பைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து நின்றாலும் நிற்பாள்.

"வந்துருச்சு தாயி. பனை ஒசரத்துக்கு அடிச்சுச்சு."

மகள் அழுதுகொண்டே சிரித்தாள். "அப்ப அம்மா இனி கம்பெனிக்குப் போக வேணாம்ல? அம்மாட்டப் போனக் குடுங்க."

வேன் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

"அம்மா வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போயிருக்கா தாயி" என்றார்.