காஜா சொன்ன ஏரி

கல்யாணமாகிக் கிழக்குத் தாம்பரத்துக்கு வந்த புதிதில் அஜீசாவுக்குப் புருஷன் காஜாவைப் பற்றித் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று, அவர் வெல்டிங் வேலை செய்கிறவர். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமையானால் கட்டிப்போட்டாலும் வீட்டில் நிற்கமாட்டார், தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவார். சரி, ஆம்பளைக்கு ஏதோ ஒரு பைத்தியம் இருக்கத்தான் செய்யும், சீட்டாட்டத்துக்கு இது தேவலை என்று விட்டாள். அதற்காகத் தனியாக வீட்டைக் காத்துக் கிடக்க அவளுக்கென்ன தலையெழுத்தா? கொஞ்ச நாளிலேயே எலுமிச்சை சாதத்தைக் கட்டிக்கொண்டு அவளும் பின்னாலேயே கிளம்பிவிட்டாள்.

அதுவே குடும்ப வழக்கமானது. மகள் குல்ஷன் பிறந்தாள், நடக்கப் பழகினாள், டி.வி.எஸ். 50-இன் முன்பக்கம் நிற்கவும் பழகினாள். காஜா தவளையைக் கோத்துப் போட்டுவிட்டு விராலுக்காகத் தவம் கிடப்பார். தாயும் மகளும் மண்புழுவைக் கோத்து ஜிலேபி மீனாக இழுத்துப் போடுவார்கள். பெரும்பாலான ஞாயிறுகளில் சட்டியில் கொதித்தது என்னவோ ஜிலேபிதான். பேச்சு மட்டும் விராலைப் பற்றி.

காஜாவுக்கு இதில் ஒரே ஒரு இடைஞ்சல், பக்கத்து வீட்டுக் குப்புராஜ். நல்ல மனுஷன், ஆபத்து அவசரத்துக்கு முதலில் ஓடிவருகிறவர். ஆனால் ஏரிக்கரையில் உட்கார்ந்தால் வாய் மூடாது. இவன் பேச்சைக் கேட்டு எந்த விரால் கிட்டே வரும் என்று காஜா தலையில் அடித்துக்கொள்வார். வராதே என்று முகத்துக்கு நேராகச் சொல்லவும் மனசு வராது. அதனால் ஒரு தந்திரம் செய்தார். கிளம்பும்போது தெருவுக்கே கேட்கும்படி சேலையூர் ஏரிக்குப் போகிறோம் என்பார், வண்டி செம்பாக்கம் ஏரிக்குப் போகும். செம்பாக்கம் என்று சொன்னால் சேலையூர். சொன்ன ஏரியில் காத்துக் கிடந்த குப்புராஜ் மறுநாள் கேட்டால், வண்டி பங்சர் மச்சான் என்பார். கழுவுற மீனில் நழுவுற மீன் என்றால் அது காஜாதான். வருஷக்கணக்கில் இதே கூத்து. அஜீசாவுக்கும் பழகிப்போய், சேலையூர் என்று காதில் விழுந்தாலே மனசு தானாகச் செம்பாக்கம் என்று மாற்றிக்கொள்ளும்.

தொண்ணூற்று மூன்றில், மழை பெய்து ஏரிகளெல்லாம் தளும்பி நின்ற சமயம், ஒரு ஞாயிறு அஜீசாவுக்கு ஜுரம். நீங்கள் இரண்டு பேரும் போய்வாருங்கள் என்று படுத்துவிட்டாள். காஜா கட்டிலருகே வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"சேலையூர் ஏரிக்குப் போறோம். நெசமாத்தான் சொல்றேன்" என்றார்.

அந்த ஜுரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நடிப்பு இன்றைக்குக் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போர்வையை இழுத்து மூடினாள். வெளியே அவர் குப்புராஜிடமும் அதையே சொல்லிவிட்டுப் போவது கேட்டது.

மத்தியானம் குப்புராஜ் வேகமாக வந்தார். சலூனில் பேசிக்கொண்டார்களாம். செம்பாக்கம் ஏரியில் தூண்டில் போட வந்த ஆள் ஒருத்தனும் அவன் மகளும் கரை சறுக்கித் தண்ணீரில் விழுந்துவிட்டார்களாம். சொல்லிவிட்டு, அவரே நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"நல்ல வேளை தங்கச்சி, நம்ம காஜா சேலையூருக்குப் போய்க்கிறான். இல்லாங்காட்டி நான் பயந்தே பூட்டிருப்பேன்."

அஜீசா போர்வையை உதறினாள். எழுந்து நின்றவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, அவர் சேலையூர்னு சொன்னா அது செம்பாக்கம். எப்பவும் மாத்தித்தான் சொல்வார். நீங்க பின்னாடி வந்துடுவீங்கன்னு."

குப்புராஜுக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் முகம் சுண்டிப்போனது. ஆனால் ரோஷப்படுகிற நேரமா அது? ஆட்டோ பிடிக்க ஓடினார். அஜீசா வீட்டைப் பூட்டிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

செம்பாக்கம் ஏரிக்கரையில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. இரண்டு பேரையும் தூக்கிவிட்டார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார்கள். உயிர் இருக்கிறதா என்று குப்புராஜ்தான் கேட்டார். மூச்சு கீது என்றாள் ஒரு கீரைக்காரி. மஞ்சள் சட்டை போட்ட பொண்ணு என்றும் சொன்னாள். காலையில் குல்ஷன் என்ன சட்டை போட்டிருந்தாள்? அஜீசா நினைத்து நினைத்துப் பார்த்தாள். சிரித்தது ஞாபகம் வந்தது, போர்வையை இழுத்தது ஞாபகம் வந்தது, பெற்ற மகளின் சட்டை ஞாபகம் வரவில்லை. பாவி, ஒருதரம் எழுந்து உட்கார்ந்து முகத்தைப் பார்த்து அனுப்பியிருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரி போகும்வரை, யா அல்லாஹ், யா அல்லாஹ் என்பதைத் தவிர அவள் வாயில் வேறு எதுவும் வரவில்லை.

வராந்தா பெஞ்சில் யாரோ ஒருத்தர், யாரோ ஒரு பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ஈரத்தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டிருந்தார். அஜீசா அவர்களை ஒரு பார்வை பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அந்தக் குழந்தை பயந்துபோய் அவளைப் பார்த்ததும்தான் வெட்கம் வந்தது. வெளியே போய் பன்னும் பாலும் வாங்கிவந்து அதன் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டு வாசலில், பூட்டின கதவுக்கு முன்னால் காஜாவும் குல்ஷனும் உட்கார்ந்திருந்தார்கள். குல்ஷன் போட்டிருந்தது நீலச் சட்டை. காஜாவுக்கு நல்ல கோபம். ஜுரத்தோடு எங்கே சுற்றப் போனாய் என்று ஆரம்பித்தவரிடம் குப்புராஜ் நடந்ததைச் சொன்னார். காஜாவின் முகம் வெளுத்துவிட்டது.

"சேலையூர்னு சொல்லிட்டுத்தானே போனேன்? அவன் வூட்டுக்கு மாமியார் வந்துக்கிறாங்க, இன்னைக்கு வரலைன்னு குப்புராஜு சொல்லிட்டான். நீயும் ஒடம்பு முடியாம படுத்துகினு கீறே. ஒருநாளாவது நெசத்தைச் சொல்லலாம்னு பார்த்தேன்."

அஜீசா மகளை இழுத்து இறுக்கி அணைத்துக்கொண்டாள். இத்தனை நேரம் வராத அழுகை அப்போதுதான் வந்தது. அழுதுகொண்டே புருஷன் தோளில் ஓர் அடி போட்டாள், மனசு ஆறாமல் இன்னொன்றும் போட்டாள்.

"இனிமே பொய்யே சொல்லுங்க. அதுதான் எனக்குப் பழகிடுச்சு. நெசத்தைச் சொல்லி என் உசுர வாங்காதீங்க."