வலது திருகாணி

ரமணி அக்காவின் தோட்டில் ஏழு கல்லும் ஒரே சிவப்பாக இருந்தன. ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்ததும் என் கண்ணில் பட்டது அதுதான். முகத்தைப் பிறகுதான் பார்த்தேன்.

காலையில் கடை திறந்து ட்ரேக்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் மகள் நித்யா போன் செய்தாள். "அம்மா போயிட்டாங்க" என்றாள். புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதே தெரிந்ததுதானே என்று கடையில் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நகைக்கடையில் அவரோடு நின்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒன்பதாவதோடு படிப்பை விட்டு வேலைக்கு வந்தவள் நான். யாராவது விலை கேட்டால் எனக்கு நாக்கு எழாது. எனக்கும் சேர்த்து அக்காதான் பேசுவார். அதற்காக அவரைச் சாந்தமானவர் என்று சொல்ல மாட்டேன். "ஏன்டி, உன் வாய்க்கு ஹால்மார்க் குத்தி சீல் வெச்சிட்டாங்களா?" என்பார்.

அந்த மாங்காய் மாலை உங்களுக்கு நினைவிருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாளிடம், "நூறு வருஷத்து ஜமீன் நகைங்க" என்று மேனேஜர் அதை நீட்டினார். போன மாதம் வந்த சரக்கு. அந்த அம்மாள் அக்காவின் பக்கம் திரும்பி, "நெஜமாவே பழசாம்மா?" என்று கேட்டார். அக்கா மாலையைப் புரட்டிக் காட்டினார்.

"கழுத்துல கெடந்த நகைன்னா மேடு தேஞ்சிருக்கும்மா, அழுக்கு பள்ளத்துல தங்கியிருக்கும். இதுல மேடும் பள்ளமும் ஒரே கறுப்பு. மருந்துல முக்கி எடுத்தது. புடிச்சிருந்தா புதுசுன்னே வாங்கிக்குங்க."

மறுநாள் அவரைக் கொலுசு கவுண்டருக்கு மாற்றினார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மதியம் அவரோடு உட்கார்ந்து சாப்பிடக்கூட உங்களில் சிலர் யோசித்தீர்கள். அதே மேனேஜர்தான் அக்கா போன அன்று பெரிய பூமாலையோடு வீட்டுக்கு வந்து, "பழசு புதுசு கண்டுபிடிக்க இனிமே யாரு இருக்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைக்குட்டை நனையவில்லை.

அக்காவுக்கு என்று இருந்த பழைய நகை அந்தத் தோடு ஒன்றுதான். அவர் அம்மா வீட்டில் மூன்று தலைமுறை போட்டது. நித்யாவுக்கு என்று வைத்திருந்தார். அதில் கீழ்க்கல் ஒன்று தண்ணீர் இறங்கி மங்கிக் கிடக்கும். ஒருநாள் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவி அவசரமாக மாட்டியவர், "ஐயோ, மாத்திட்டேன்டி!" என்று அலறினார். திருகாணி பாதியில் சிக்கி நின்றது.

"பழசுல ஆசாரி திருகு மரையைக் கையால வெட்டுவான். வலதுக்கு வெட்டினது இடதுல ஏறவே ஏறாது. மெஷின் தோடு அப்பிடியா? எதுல வெச்சாலும் ஏறி உக்காந்துக்கும், எங்க நாத்தனார் மாதிரி."

அதற்குப் பிறகு எப்போது கழற்றினாலும் வலது திருகாணியில் சிவப்பு நூல் கட்டிவிடுவார். அது ஏன் என்று நித்யாவுக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் நகையைக் கழற்றச் சொன்னபோது வாங்கி வைத்துக்கொண்டது அந்த நாத்தனார்தான். இப்போது அவர் கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "நானே பாலீஷ் போட்டுக் கொண்டாந்து மாட்டி விட்டேன். எங்க அண்ணி அம்சமா போகணும்ல?" பெண்கள் தலையாட்டினார்கள். "நல்ல மனசுடி ஒனக்கு" என்று ஒரு கிழவி அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

ஓயாமாரி சுடுகாட்டுக்கு எடுக்கும் நேரம் வந்தது. நகையைக் கழற்ற வேண்டும். யாரும் முன்வரவில்லை.

"கடைப் பொண்ணுதானே, நீ கழட்டும்மா" என்றார் நாத்தனார். "கழட்டி நித்யா கையிலயே குடுத்துடு. அவ அம்மா சொத்து. நாளைக்கு யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது பாரு."

கழற்றினேன். அக்காவின் காது சில்லென்று இருந்தது. நித்யா அழுதுகொண்டே கையை நீட்டினாள். வாயைத் திறந்தேன். வழக்கம்போல ஒன்றும் வரவில்லை. அக்கா சொன்ன அந்தத் திருகாணிப் பேச்சுதான் என்னிடம் இருந்தது.

நித்யாவின் கண்முன்னே வலது திருகாணியை இடது தோட்டில் வைத்துத் திருகினேன். தடையில்லாமல் கடைசி மரைவரை ஏறியது. நித்யாவின் அழுகை நின்றது. அவள் நீட்டிய கையை மெல்ல மூடிவிட்டு, இரண்டு தோட்டையும் அவள் அத்தையின் மடியில் வைத்தேன்.