ஐந்தாம் மாடிச் சுவரில் ஓர் எழுத்து

பெர்சிஸ் அக்காவை எங்கள் சபையில் எல்லோரும் பொறுமைசாலி என்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். யார் என்ன செய்தாலும் ஏனென்று கேட்கமாட்டார் என்பதற்கு இவர்கள் வைத்திருக்கும் மரியாதையான பெயர் அது.

தம்பி பிரான்சிஸ் படிக்கட்டும் என்று கப்பல் கம்பெனியில் டைப் அடிக்கப் போனவர் அக்கா. தம்பிக்கு முதலில் ஆகட்டும் என்று தன் கல்யாணத்தைத் தள்ளிவைத்தார். அது தள்ளியபடியே போய்விட்டது. நகர நடுவே பபேடானில் ஐந்தாம் மாடி வீட்டில் அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் அவர்தான். வீடு அக்கா, தம்பி இருவர் பேரிலும் இருக்கிறது. இப்போது பிரான்சிஸுக்கு ஊருக்கு வெளியே மாவ்பியில் இருக்கும் கோழிப்பண்ணையைப் பெரிதாக்க வேண்டும். அதற்கு வீட்டை விற்க வேண்டும். அக்கா பண்ணைக்குப் பின்னால் ஓர் அறையில் வந்து கிடக்க வேண்டும். சரியென்று சொன்னால் அக்காவுக்குச் சொந்தமாக ஒரு கதவுகூட மிஞ்சாது.

புத்தாண்டு ஆராதனையில் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொரு பைபிள் வசன அட்டை எடுப்போம். வருஷம் முழுக்க அது அவரவர் வீட்டு ஹாலில் தொங்கும். அக்கா கைக்கு மட்டும் எப்போதும் காத்திரு, பொறுத்திரு என்கிற வகைதான் வரும். இந்த ஜனவரியிலும் அதுவே வந்தது.

"கர்த்தரே சொல்லிட்டாரு, பாத்தியாக்கா" என்று பிரான்சிஸ் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. அட்டையைப் பைபிளுக்குள் வைத்து மூடினார்.

அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஜப்பானிய மொழி வகுப்பு நடக்கிறது. முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காக ஜப்பான் போகத் துடிக்கும் பிள்ளைகள். அந்த வாரம் டீச்சர் கின் ட்வே, பர்மிய வழக்கில் சயாமா, அவர்களைத் தடித்த தூரிகையும் கறுப்பு மையுமாக உட்கார வைத்திருந்தார். புது வருஷத்தில் ஜப்பான்காரர்களுக்கு அப்படி ஒரு வழக்கமாம். அந்த வருஷத்துக்கான வார்த்தையைத் தாங்களே எழுதி வீட்டில் மாட்டுவார்களாம். படியேறும் வழியில் மூச்சு வாங்க வாசலில் நின்ற அக்கா காதில் இது விழுந்தது.

"எந்த வார்த்தைன்னு நாமளே முடிவு பண்ணலாமா?" என்று கேட்டார். சயாமா தலையாட்டியதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

"ஆன்ட்டி, நீங்களும் ஜப்பானுக்கா?" என்று ஒரு பெண் கேலி செய்தாள்.

"இல்லம்மா. அஞ்சாம் மாடிக்கு."

பிள்ளைகள் கனவு என்றும் பயணம் என்றும் எழுதினார்கள். அக்கா, குடியிருப்பதற்கு என்ன எழுத்து என்று கேட்டார். சயாமா எழுதிக் காட்டினார்: ஒரே எழுத்தில் இடப்பாதி மனிதரைக் குறிக்கும், வலப்பாதி எசமானை. அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. எழுதும்போது கடைசிக் கோடு கோணிப்போனது. சரிசெய்யப் போன கையைச் சயாமா பிடித்துக்கொண்டார். இழுத்த கோட்டின் மேல் மறுபடி தூரிகை வைக்கக் கூடாதாம்.

"ரொம்ப நல்லது. திருத்தித் திருத்தியே எனக்குச் சலிச்சுப்போச்சு" என்றார் அக்கா.

சனிக்கிழமை நான் அக்கா வீட்டில் இருந்தபோது, வீட்டை வாங்க ஜவுளிக்கடை பர்கத்துல்லா பாயைக் கூட்டிக்கொண்டு பிரான்சிஸ் வந்து நின்றான். அட்டை தொங்க வேண்டிய இடத்தில் கன்னங்கரேலென்று அந்த எழுத்து.

"என்னக்கா இது? ஜெபம் பண்ற வீட்டுல மந்திரம் மாதிரி!" என்று அதைப் பிடுங்கப் போனான்.

"கை வெக்காதடா!"

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அக்காவுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே அன்றுதான் தெரியும். சந்தோஷமாகவும் இருந்தது.

"கர்த்தர் சொன்னத நான் மறுக்கல. இத்தன வருஷம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். இந்த வருஷம் நானும் ஒண்ணு சொல்றேன்."

"என்னம்மா எழுதியிருக்கு?" என்று பாய் மெதுவாகக் கேட்டார்.

"நான் இங்க குடியிருக்கேன்னு எழுதியிருக்கு, பாய். விக்கிறதா இல்ல."

பாய் பிரான்சிஸைத் திரும்பிப் பார்த்தார். "அக்காவக் கேக்காமலாப்பா என்னைய அஞ்சு மாடி ஏற வெச்சே?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

"அப்பா இருந்தா இப்படிப் பேசுவியா?" என்றான் பிரான்சிஸ்.

"அப்பா இருந்தா நீ விக்கக் கேட்டிருப்பியா?"

அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. விறுவிறுவென்று படியிறங்கினான். அக்கா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். அதுநாள்வரை அவர் அந்த வீட்டை அப்பா வீடு என்றுதான் சொல்லி வந்தார்.

"பிரான்சிஸ்! மொயிங்கா ஆறிப்போகுது, வந்து சாப்பிட்டுப் போ. என் வீட்டுக்கு வந்தவங்க யாரும் பசியோட போகக் கூடாது."