அப்பா ஆண்டுதோறும் பஃபலோவுக்குப் போனது ஏன்

எங்கள் அப்பா பிறந்தது யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில். உழைத்து எங்களை ஆளாக்கியது ரொறன்ரோவில். ஆனால் அவருக்குத் தெருத்தெருவாகத் தெரிந்த ஊர், எல்லைக்கு அப்பால் இரண்டு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் பஃபலோ. அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையில் உங்கள் கைகளுக்கு வரும் இந்த நினைவு மலரில் ஓர் அமெரிக்க நகரத்தைப் பற்றி எழுதலாமா என்று பலமுறை யோசித்தேன். எழுதியதை இரண்டு தடவை அழித்தும்விட்டேன். ஆனால் வம்சாவளிப் பக்கத்தில் சித்தப்பாவின் பெயரை எப்படிப் போடுவது என்று தெரியாமல் நாங்கள் மூன்று நாட்கள் தவித்தோம். அதற்கான விளக்கத்தை உங்களுக்குச் சொல்லாமல் விடுவது சரியாகப் படவில்லை.

அப்பா மூவரில் நடுப்பிள்ளை. மூத்தவர் மில்லிக்கனில் வசிக்கும் அக்கா, எங்கள் மாமி. இளையவர் சித்தப்பா. போர் மூண்டபின் அண்ணன் தம்பி இருவரும் ஒன்றாக நாட்டை விட்டு வெளிக்கிட்டார்கள். அப்பா முதலில் ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் நால்வரோடு ஓர் அறையில் இருந்தார். அம்மா வந்தபின் டோர்செட் பார்க்கிற்கு மாறினார். வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தார்.

புதிதாக வந்தவர்களுக்கு விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பதை ஒரு கடமையாகவே வைத்திருந்தார். இம்மலரைப் பெறுகிற உங்களில் பலர் எங்கள் சாப்பாட்டு மேசையில் அவருக்கு முன்னால் இருந்திருப்பீர்கள். சகோதரர்கள் பற்றிய கேள்வி வரும்போது அப்பா பேனையைக் கீழே வைத்துவிடுவார். "வடிவா யோசிச்சுச் சொல்லும். ஒருத்தரையும் விட்டிடாதையும்" என்பார். அது அவருடைய ஒழுங்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒவ்வொரு கோடையிலும் அப்பா எங்களைப் பஃபலோவுக்குக் கூட்டிச் செல்வார். எல்லையில் காரணம் கேட்டால் "சைற்சீயிங்" என்பார். ஒருமுறை அங்கிருந்த அதிகாரி "பஃபலோவிலா?" என்று சிரித்தேவிட்டார். அப்பா சிரிக்காமல் தானியக் களஞ்சியங்களின் வரலாற்றைத் தொடங்க, அவர் அவசரமாகக் கடவுச்சீட்டுகளைத் திருப்பித் தந்தார்.

அந்த வரலாறு எங்களுக்குப் பாடம். பெரிய ஏரிகளின் வழியே கப்பலில் வந்த கோதுமை இங்கே இறங்கி, கால்வாய் வழியாக நியூயோர்க்கிற்குப் போனது. கப்பலிலிருந்து தானியத்தை நீராவி இயந்திரத்தால் தூக்கிக் கொட்டும் களஞ்சியம் முதலில் எழுந்ததும் இங்கேதான். நயாகராவின் மின்சாரத்தில் தெருக்கள் ஒளிர்ந்தன. உருக்காலைகளுக்கு ஆட்கள் உலகெங்கும் இருந்து வந்தார்கள். பிறகு கப்பல்கள் வேறு வழியால் போயின. ஆலைகள் மூடப்பட்டன. ஊரில் பாதிச் சனம் போய்விட்டது.

கிழக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரயில் நிலையம் இருக்கிறது. கோபுரமும் மணிக்கூடுமாக அரண்மனை போல நிற்கும், ரயில் வராது. அதன் முன்னால் அப்பா நெடுநேரம் நிற்பார்.

"அப்பா, மோலுக்குப் போவம், ப்ளீஸ்" என்பான் தம்பி.

"பொறு. ஆயிரக்கணக்கான சனம் வந்து இறங்கின ஸ்ரேசன் இது."

"இப்ப ஒருத்தரும் இல்லையே."

"இல்லையெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

ஆற்றோரக் களஞ்சியம் ஒன்றினுள் எங்களை அழைத்துப்போன வழிகாட்டி, குரல் கொடுத்துப் பாருங்கள் என்றார். உள்ளே சொன்ன சொல் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். எல்லோரும் ஹலோ என்றார்கள். அப்பா "தம்பீ" என்று கூப்பிட்டார். பக்கத்தில் நின்ற என் தம்பி, "இங்கதானே நிக்கிறன் அப்பா" என்றான். அப்பா அவனைப் பார்க்கவில்லை. சத்தம் முழுதாக அடங்கும்வரை மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு ஒரு சித்தப்பா இருந்தார், காணாமற்போய்விட்டார் என்பது மட்டுமே அன்று எங்களுக்குத் தெரியும். நம் குடும்பங்களில் காணாமற்போனவர் ஒருவராவது இல்லாத வீடு குறைவு. எங்கே என்று நாங்கள் கேட்டதில்லை. போரில்தான் என்று நினைத்துக்கொண்டோம்.

கடந்த கோடையில் என் நான்கு வயது மகளும் எங்களோடு வந்தாள். நகர மண்டபத்தின் இருபத்தெட்டாம் மாடியில் சுற்றிப் பார்க்கும் மேடை உண்டு. ஏரி, பாலம், அக்கரையில் கனடா எல்லாம் தெரியும். நான் மகளின் சட்டைக் கொலரைப் பிடித்தபடி நின்றேன். அப்பா கீழே கையைக் காட்டினார்.

"அந்தா, அந்தச் செங்கல் கட்டடத்துக்குப் பின்னால ஒரு வீடு இருந்தது. அதிலதான் நானும் உன்ர சித்தப்பாவும் இருந்தனாங்கள்."

"சித்தப்பா இங்கயா?"

"ஓம். இங்கதான் அவனைத் துலைச்சனான்."

எல்லைப் பாலத்தில் அகதி விண்ணப்பம் கொடுத்தவர்களைக் கனடா அதிகாரிகள் ஒரு திகதி கொடுத்துத் திருப்பி அனுப்பிய காலம் அது. அதுவரை பஃபலோவில் தருமத்துக்கு நடத்தப்பட்ட ஒரு வீட்டில் காத்திருக்க வேண்டும். அண்ணன் தம்பி என்று சொல்ல வேண்டாம், ஒருவரின் கதை பிழையென்றால் மற்றவரின் கதையும் பிழையாகிவிடும் என்று பயண ஏஜென்ற் சொல்லியிருந்தார். எனவே சகோதரர் இல்லை என்று இருவரும் எழுதினார்கள். ஒரே ஊர்க்காரர், அவ்வளவுதான். அப்பாவுக்கு முதலில் திகதி வந்தது, அவர் முன்னால் கனடாவுக்குள் போய்விட்டார். சித்தப்பாவுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் திகதி.

அந்த மூன்று கிழமைக்குள் ஒரு காலை, "ஏரியைப் பாத்திட்டு வாறன்" என்று தரும வீட்டில் கொடுத்த பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு போன சித்தப்பா திரும்பி வரவில்லை. பின்னால் ரொறன்ரோ வந்து சேர்ந்த ஒருவர் சொல்லித்தான் அப்பாவுக்குத் தெரியும். அப்பா உடனே அங்கே தொலைபேசி எடுத்தார். அவருக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார்கள். சிநேகிதன் என்றார். உறவினருக்கு மட்டுமே விபரம் சொல்லலாம் என்று வைத்துவிட்டார்கள்.

"அண்ணன் எண்டு சொல்லியிருக்கலாமே அப்பா?"

"பொய் சொன்னவன் எண்டு கேஸை உடைச்சால்? கொம்மா அப்ப என்ர கேஸை நம்பிக் கொழும்பில நிண்டவ. பிறகு நீ பிறந்திட்டாய்."

குடியுரிமை கிடைத்த கோடையிலேயே போய்க் கேட்டாராம். ஆட்கள் மாறியிருந்தார்கள். பழைய பதிவுகள் இல்லை. பொலிஸ் பிடித்ததா, ஏரி கொண்டுபோனதா, வேறு பெயரில் எங்காவது இருக்கிறாரா, இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அப்பா எங்களுக்குக் கட்டடங்களைக் காட்டிக்கொண்டு முகங்களைப் பார்த்திருக்கிறார்.

லிஃப்டில் இறங்கும்போது மகள், "அம்மா, இற் ஹேர்ட்ஸ்" என்றாள். அவள் விரல்களை நான் அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன். "பிறகு நீ பிறந்திட்டாய்" என்று அப்பா சொன்னதைக் குற்றச்சாட்டாக எடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எல்லா நாளும் அது முடிவதில்லை.

இந்தக் குளிர்காலத்தில் அப்பாவின் இருதயம் தளர்ந்தது. மருத்துவமனையில் கடைசிக் கிழமையில், "பஃபலோவில கண்ணாடிக் கூரைப் பூந்தோட்டம் இருக்கெல்லே, அந்தப் பக்கம் நாங்கள் சரியாப் பாக்கேல்லை" என்றார். பார்ப்போம் அப்பா என்றேன்.

மலர் அச்சிடுபவர் தொலைபேசியில் கேட்டார். "தங்கச்சி, வம்சாவளியில உங்கட சித்தப்பாவுக்கு முன்னால அமரர் எண்டு போடுறதோ, விடுறதோ?"

"பேரையே விடு பிள்ளை. சனம் கேள்வி கேக்கும்" என்றார் அம்மா. மாமியோ, "அமரர் எண்டு போட்டியெண்டால் நான் அந்தியேட்டிக்கு வரமாட்டன். ஆர் கண்டது அவன் செத்ததை?" என்றார். உயிரோடு இருப்பவரை இறந்தவர் என்று அச்சடிப்பதும் பாவம். இறந்தவரை அப்படியே அலைய விடுவதும் பாவம். மூன்றாம் நாள் அம்மாவிடம் கேட்டேன்.

"அப்பா சித்தப்பாவுக்குத் திவசம் ஏதும் குடுத்தவரே?"

அம்மா அடுப்படியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஆடி அமாவாசைக்குக் கோயிலுக்குப் போவார். ஐயர் செத்தவையின்ர பேருகளைக் கேட்டால் உங்கட அப்பப்பான்ர பேரை மட்டும் சொல்லுவார். ஒருக்கா நான் மெல்லமா, தம்பியாற்ற பேரையும் சொல்லுங்கோவன் எண்டனான். மூண்டு நாள் என்னோட கதைக்கேல்லை."

பிறகு துணியைப் பிழிந்து காயப் போட்டார். "அவர் செய்யாததை நாங்கள் செய்யேலாது. பேரைப் போடு. முன்னால ஒண்டும் போடாதை."

அப்பாவை இறுதிவரை பராமரித்த தாதியருக்கும், கிரியைகளை நடத்திய குருக்களுக்கும், எங்கள் வீட்டுக்குச் சமைத்து அனுப்பிய அயலவருக்கும், வந்தும் வரமுடியாமலும் துயர் பகிர்ந்த அனைவருக்கும் எங்கள் நன்றி. பஃபலோவில் முன்பின் தெரியாத இரண்டு இளைஞருக்குக் கட்டிலும் சூப்பும் குளிர்கோட்டும் தந்த மனிதர்களுக்கும் நன்றி. அந்த வீட்டில் அந்த நாட்களில் தங்கியவர் எவரேனும் இதைப் படித்தால், எங்களோடு ஒரு வார்த்தை பேசுங்கள்.

வம்சாவளிப் பக்கத்தில் சித்தப்பாவின் பெயருக்கு முன்னால் எதுவும் இல்லை. அதை யாரும் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம்.